ஆறு முகமா, எட்டு மெய்ப்பாடா?

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதில் ஆறு மஞ்சள் முகங்கள்: மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம், அருவருப்பு, வியப்பு. வீட்டில் ஒவ்வொருவருக்கும் இன்றைக்கு எந்த முகம் என்று பார்த்து வட்டம் போட வேண்டும். அப்பாவுக்குக் கோபம் போட்டாள். கரண்ட் பில் வந்த நாள், தப்பில்லை. ஆச்சி கட்டில் பக்கம் போனவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பென்சிலைக் கடித்தபடி திரும்பி வந்தாள். "ஆச்சிக்கு உள்ளது இதுல இல்லம்மா."

ஆச்சி என்றால் என் அம்மா. இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதமாகக் கட்டிலோடு கிடக்கிறாள். நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் முன்கதவை யாரும் பகலில் அடைப்பதில்லை. அன்று காலையில் நான் துணி மாற்றும்போது அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கதவை அடைச்சிரு மக்களே." அழவில்லை, கோபப்படவும் இல்லை. குரலும் சாதாரணமாகத்தான் இருந்தது.

அந்தத் தாளின் மூலவர் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன். 1960களின் கடைசியில் பப்புவா நியூ கினி மலைப்பகுதிக்குப் போய், வெளியுலகத் தொடர்பு அதிகமில்லாத ஃபோரே மக்களிடம் சின்னச் சின்னக் கதைகள் சொல்லி, அதற்குப் பொருந்தும் முகம் எது என்று படங்களைக் காட்டிக் கேட்டார். பெரும்பாலும் சரியாகவே எடுத்துக் காட்டினார்கள். பயத்தையும் வியப்பையும் மட்டும் பிரித்துச் சொல்ல அவர்களுக்கு ஆகவில்லை. என்னைக் கேட்டால் அந்தத் தடுமாற்றம்தான் அந்த ஆய்விலேயே சுவாரசியமான இடம். எப்படியானாலும், எல்லா மனிதருக்கும் பொதுவான முகங்கள் சில உண்டு என்ற முடிவு உலகம் சுற்றி வந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டது. சின்னப் பிள்ளைக்கு இது போதும். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆளுக்கு என்ன செய்வது?

இன்னொரு உளவியலாளர் ராபர்ட் ப்ளூச்சிக் 1980-இல் போட்ட உணர்ச்சிச் சக்கரம் இதைவிட நயமானது. எட்டு இதழ்கள், ஒவ்வொன்றிலும் மூன்று அளவு. எரிச்சல், கோபம், ஆவேசம் மூன்றும் ஒரே இதழ். வளர்ந்த பிள்ளையோடு மல்லுக்கு நிற்கிற வீட்டுக்கு இது நல்ல உதவி: "இப்ப எரிச்சலா, கோபமா?" என்று கேட்டாலே பாதி இறங்கிவிடும். இரண்டைக் கூட்டினால் மூன்றாவது வரும் என்றும் ப்ளூச்சிக் சொல்கிறார். மகிழ்ச்சியும் நம்பிக்கையும் சேர்ந்தால் அன்பு. சரி, நம்ம ஊர் வெப்ராளம், அதாவது நிலைகொள்ளாத பதற்றம், எதையெல்லாம் கூட்டினால் வரும்? பயம், துக்கம், பரபரப்பு எல்லாம் போட்டுப் பார்த்தேன். கணக்கு உதைக்கிறது.

அதே 1980-இல் உளவியலாளர் ஜேம்ஸ் ரசல் பெயர்ப்பட்டியலையே ஓரங்கட்டிவிட்டு இரண்டு கோடுகள் போட்டார். ஒன்று இன்பம்–துன்பம், மற்றது துடிப்பு–தளர்வு. எந்த உணர்ச்சியும் இந்த இரண்டுக்கு நடுவில் ஏதோ ஒரு புள்ளி.

அந்தச் சக்கரமும் இந்தக் கோடுகளும் நேருக்கு நேர் முட்டும் இடம் ஒன்று உண்டு. ப்ளூச்சிக்குக்குப் பயமும் கோபமும் எதிரெதிர் இதழ்கள். ரசலுக்கோ இரண்டும் ஒரே மூலை: துன்பம், அதிலும் துடிப்பான துன்பம். யார் சொல்வது சரி என்று எனக்குக் காட்டியது ஒக்கி புயல். 2017 நவம்பர் 30-இல் புயல் அடித்தபோது நம் கடற்கரை ஊர்க்காரர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். முதல் சில நாள் கரையில் பயம்தான். டிசம்பர் 7-இல் அதே சனம், கடலுக்குப் போனவர்களை மீட்கச் சொல்லி, குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. டிவியில் பார்த்த முகங்களில் பயம் எங்கே முடிந்து கோபம் எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. அந்த வகையில் ரசல் பக்கம்தான் நியாயம். ஆனால் ஏன் கோபம் என்று கேட்டால் அவர் கோடுகளிலும் பதில் கிடையாது.

அந்தக் கேள்வியைக் கேட்பது தொல்காப்பியம். மெய்ப்பாடு என்றால் உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவது. அதைப் பேசும் மெய்ப்பாட்டியல் எட்டு சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எண்ணிக்கையில் சக்கரத்துக்குச் சமம். ஆனால் அதோடு நிற்காமல் ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்காகச் சொல்கிறது. அச்சம் பிறப்பது அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன்) ஆகிய நான்கால். வெகுளி, அதாவது கோபம், பிறப்பது உறுப்பறை (உறுப்பை அறுப்பது), குடிகோள், அலை (வைதும் அடித்தும் அலைக்கழிப்பது), கொலை என்ற நான்கால். குடிகோள் என்றால் குடிக்குக் கேடு செய்வது. குழித்துறைத் தண்டவாளத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

(தொல்காப்பியப் பாயிரத்தில், நூலைக் கேட்டு ஏற்றவராக வரும் அதங்கோட்டு ஆசான் நம்ம விளவங்கோட்டுப் பக்கத்து அதங்கோட்டுக்காரர்தான் என்று மாவட்டத்தில் பலரும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வார்கள். எல்லா அறிஞர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெருமைக்காக நான் மார்க்கு போடவில்லை.)

குறையும் உண்டு. இது செய்யுளுக்கு எழுதிய இலக்கணம், மனநல மருத்துவத்துக்கு அல்ல. பொறாமையும் நாணமும் எட்டில் இல்லை. பின்னால் வரும் வேறு முப்பத்திரண்டில்தான் கிடக்கின்றன. சோற்றைப் பார்த்துக் கண் வைத்து, கொதி விட்டார்கள் என்று மந்திரம் ஓதிப் போடுகிற ஊருக்குப் பொறாமை இரண்டாம் வரிசையா? மேற்கே கோயில் திருவிழாக் கதகளியில் வருகிற நவரசத்தையும் சேர்த்துப் பேசலாம். அது பெரும்பாலும் மேடைக்கானது, வீட்டுக்குள் எனக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை.

இனி இளிவரல். எக்மனின் அருவருப்புக்கு நேரான சொல் என்றுதான் முதலில் நினைத்தேன். அருவருப்பு நாற்றத்தையும் அழுகலையும் கண்டு வெளியே நோக்கி முகம் சுளிப்பது. தொல்காப்பியர் இளிவரலுக்குச் சொல்லும் நான்கு காரணங்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. மென்மை என்றால் இங்கே எளிமைப்பட்டுப் போவது. இளிவரல் என்ற இந்த இழிவுணர்வு பிறரைப் பார்த்தும் வரும், தன்னைப் பார்த்தும் வரும். புறநானூறு 243-இல் இளமையில் மடுவில் குதித்த ஆள் இப்போது தடி ஊன்றி நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொல் பேசுகிறானே, அதுதான். நான்கு காரணமும் ஒன்றாக எங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்தன.

துக்கம் என்று வட்டம் போட்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லியிருப்பேன். அம்மாவுக்கு வேண்டியது அதுவல்ல. மறுநாள் கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி, பழைய வேட்டி இரண்டை மறைப்பாகப் போட்டோம். துணி மாற்றும் நேரத்துக்கு முன்கதவையும் அடைத்தோம். அன்று மதியம் அம்மா தானாகவே சீப்பு கேட்டாள்.

மகள் அந்தத் தாளில் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தாள். சுவரைப் பார்த்திருக்கும் தலை. பின்னங்கழுத்தும் சின்னக் கொண்டையும் மட்டும். மஞ்சள் அடித்து, கீழே 'ஆச்சி' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில்: 'முகம் எங்கே?'