கிளாட் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்: குமரி மாவட்டப் பெற்றோர் கவனத்துக்கு

குலசேகரத்தை அடுத்த ஓர் ஊரில் நான் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் வேலை செய்கிறார். எட்டாம் வகுப்பிலிருந்தே வக்கீலுக்குத்தான் படிப்பேன் என்று சொல்லி வந்த எங்கள் மகளை, அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த 2023-ஆம் ஆண்டில், சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் நாகர்கோவில் மையம் ஒன்றில் சேர்த்தோம். அந்த மையத்தோடு எங்களுக்கு இப்போது வழக்கு நடப்பதால் அதன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அண்மையில் வடசேரி பேருந்து நிலையத்துக்கு அருகே அவர்களுடைய பலகையைப் பார்த்தபடி ஒரு தாய் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். எங்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதல் நாள் அந்த மையத்தின் மேலாளர் எங்களிடம் சொன்ன முதல் வாசகமே பொய் என்பதை ஓர் ஆண்டு கழித்துத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். "டீச்சர், இனிமே எந்த லா காலேஜுக்கும் கிளாட் இல்லாம நடக்காது" என்றார். உண்மையில் கிளாட் என்பது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் தேர்வு. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம், கொச்சியில் உள்ள சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சேரத்தான் அது வேண்டும். திருநெல்வேலி, மதுரை உள்ளிட்ட நம் மாநில அரசுச் சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் கொண்டு தரவரிசை போட்டு இடம் தருகிறார்கள். இந்த இரண்டும் வெவ்வேறு வாசல்கள் என்று அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால், கிளாட் எழுதுவதா வேண்டாமா, அதற்கு இவ்வளவு செலவு செய்வதா என்பதையெல்லாம் நாங்கள் நிதானமாக யோசித்திருப்போம். அந்த நிதானம் எங்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பொய் சொல்லப்பட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

கட்டணம் 58,000 ரூபாய். ஜூன் மாதத்தில் முப்பதாயிரம் கட்டினோம். மீதி இருபத்தெட்டாயிரத்தை ஆகஸ்டில் கட்டினோம். மழைக்காலத்தில் பால்வெட்டு இல்லாத நாள்களில் எங்கள் வீட்டில் என் சம்பளம் மட்டும்தான் வரும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அதனால் இரண்டாம் தவணைக்கு என் வளையலை அடகு வைத்தோம். முதல் தவணைக்கு அச்சடித்த ரசீது தந்தார்கள். இரண்டாம் தவணைக்கு ஒரு துண்டுத் தாளில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் தருகிறோம் என்றார்கள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. துண்டுத் தாளை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது இப்போது வழக்கில் உதவுகிறது.

வகுப்புகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் முதலில் வெளிப்பட்டது. தொழில் செய்யும் வழக்கறிஞர்கள் பாடம் எடுப்பார்கள் என்றார்கள். வந்தவர்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள், அவர்களும் திரையில் ஓடியதை வாசித்துக் காட்டிவிட்டுப் போனார்கள். கிளாட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடப்பதால் தமிழ்வழியில் படித்த என் மகளுக்கு ஆங்கிலத்துக்கென்று தனி வகுப்பு வைப்பதாகச் சொன்னது ஒரு வாரம்கூட நடக்கவில்லை. எல்லாவற்றையும்விட மோசமானது அவர்கள் தந்த புத்தகம். அது நகலெடுத்துச் சுருள்கம்பி கோத்த ஒரு கட்டு. அதில் இருந்த மாதிரித் தேர்வுகள் ஒவ்வொன்றிலும் 200 கேள்விகள் இருந்தன. ஒரு வரிக் கேள்வி, நான்கு விடைகள், இலத்தீன் சட்டத் தொடர்களுக்குப் பொருள், எந்தச் சட்டம் எந்த ஆண்டு என்ற வகையிலானவை. என் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறரை மணிப் பேருந்தைப் பிடித்து நாகர்கோவிலுக்குப் போய் வந்து, இரவு அவற்றை உட்கார்ந்து மனப்பாடம் செய்தாள்.

அது 2019 வரை நடந்த தேர்வின் முறை. 2020-இல் கூட்டமைப்பு அந்த முறையையே மாற்றிவிட்டது. அதன்பின் ஏறத்தாழ 450 சொற்கள் கொண்ட பத்திகளை வாசித்து, அவற்றிலிருந்து விடை காண வேண்டும். அப்போது 150 ஆக்கப்பட்ட கேள்விகளின் எண்ணிக்கை, என் மகள் எழுதிய தேர்வில், அதாவது 2023 டிசம்பர் 3 அன்று நடந்த தேர்வில், 120 ஆகக் குறைக்கப்பட்டது. நேரம் இரண்டு மணி. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் பிடித்தம். சட்டப் பகுதியிலும் முன்கூட்டிச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்தியில் ஒரு விதியைத் தந்து, ஒரு சம்பவத்துக்கு அதைப் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். வேகமாகவும் கவனமாகவும் ஆங்கிலம் வாசிக்கும் பழக்கமே இந்தத் தேர்வுக்கு வேண்டிய முதல் பயிற்சி. அதைக் கொடுப்பதற்குப் பதிலாக, நான்கு ஆண்டுகளுக்கு முன்பே செத்துப்போன ஒரு தேர்வுக்கு ஐந்து மாதம் ஒரு பிள்ளையைத் தயார் செய்தார்கள். அக்டோபரில் என் மகள் கூட்டமைப்பின் இணையதளத்தில் இருந்த மாதிரி வினாத்தாளை இறக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது வேற பரீட்சை" என்று சொன்ன அந்த இரவை என்னால் மறக்க முடியாது. மாதிரி வினாத்தாளும் முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களும் அங்கே காசில்லாமல் கிடைக்கின்றன.

மறுநாளே நான் போய்க் கேட்டேன். மேலாளர் கோபப்படவில்லை. "பேடிக்கண்டாம் (பயப்பட வேண்டாம்) டீச்சர், கடைசி மாசம்தான் புதிய பேட்டர்ன் எடுப்போம்" என்றார். கடைசி மாதத்தில் மூன்று வகுப்புகள் நடந்தன.

இவ்வளவும் பணமும் நேரமும் போன கதை. உண்மையான சேதம் விண்ணப்பத்தில் இருந்தது. அந்த ஆண்டு விண்ணப்பம் ஜூலை 1 முதல் இணையத்தில் திறந்திருந்தது. பிள்ளைகள் தாங்களாக நிரப்பினால் தவறு வந்துவிடும், நாங்களே போட்டுவிடுகிறோம் என்று சொல்லி மையம் எல்லா மாணவர்களிடமிருந்தும் சான்றிதழ்களை வாங்கியது. பொதுப் பிரிவுக்கு விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய். எங்களிடம் 7,500 வாங்கினார்கள். மீதி எதற்கு என்று கேட்டதற்குச் சேவைக் கட்டணம் என்றார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் அசலையும் சரிபார்க்க வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். விண்ணப்பத்தின் நகலை எங்களுக்குத் தரவில்லை, நாங்களும் வற்புறுத்திக் கேட்கவில்லை. அது என் பிழை, அதை நான் மறைக்கவில்லை.

கிளாட் இணையதளத்தில் பதிவு செய்யும் கைபேசி எண்தான் கடைசி வரைக்கும் சாவி. அதைக் கொண்டுதான் உள்ளே நுழைய முடியும், ஓடிபியும் அதற்குத்தான் வரும், நுழைவுச் சீட்டு, மதிப்பெண், கலந்தாய்வு அழைப்பு எல்லாமே அந்தக் கணக்குக்குள்தான் இருக்கும். மையம் என் மகளின் எண்ணையும் என் எண்ணையும் கொடுக்காமல் தன் அலுவலக எண் ஒன்றைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தது. நுழைவுச் சீட்டை அச்செடுத்துக் கையில் தந்துவிட்டதால் அதுவரைக்கும் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. திருவனந்தபுரத்தில் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். டிசம்பர் 10 அன்று முடிவு வந்தது. அவள் தன் எண்ணைப் போட்டுப் பார்த்தபோது அப்படி ஒரு கணக்கே இல்லை என்று காட்டியது.

தொலைபேசியில் கேட்டபோது சர்வர் வேலை செய்யவில்லை என்றார்கள். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அதில் தரவரிசை எண் மட்டும் தெரியும்படி மேலும் கீழும் வெட்டியிருந்தது. நேரில் வரச் சொன்னார்கள். போனோம். இந்த எண்ணுக்கு இடம் கிடைப்பது சிரமம், ஆனால் திருச்சியில் ஆள் இருக்கிறது, ஒன்றரை லட்சம் ரூபாய் தந்தால் முடித்துத் தருகிறோம் என்று, கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் மேலாளர் சொன்னார். கிளாட் வழியாக வரும் இடங்கள் தரவரிசைப்படியும் இட ஒதுக்கீட்டின்படியும் கூட்டமைப்பு நடத்தும் கலந்தாய்வில் ஒதுக்கப்படுகின்றன என்று அதற்குள் நான் வாசித்திருந்தேன். பணம் தர மாட்டோம், கணக்கின் கடவுச்சொல்லைத் தாருங்கள் என்று கேட்டேன். நாளைக்கு, மறுநாளைக்கு என்று இழுத்தார்கள். முடிவு வந்தபின் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யப் பத்து நாள் போலத்தான் அவகாசம். பொதுப் பிரிவுக்கு 30,000 ரூபாயும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20,000 ரூபாயும் கட்டிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தத் தொகையைச் சங்கத்தில் கடன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். கடவுச்சொல் எங்கள் கைக்கு வந்தபோது பதிவு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

கணக்கைத் திறந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பிற்படுத்தப்பட்ட வகுப்புச் சான்று கொடுத்திருந்தும் பொதுப் பிரிவு என்று போட்டிருந்தார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கான இடத்தை நிரப்பவே இல்லை. மாநிலத்தவருக்கான இடங்களில் போட்டியிட வேண்டிய பிள்ளை அகில இந்தியப் பொது வரிசையில் மட்டும் நின்றிருக்கிறாள். எல்லாம் சரியாக இருந்திருந்தால் அவளுக்கு இடம் கிடைத்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், அவளுடைய எண் அப்படி ஒன்றும் முன்னால் இல்லை. ஆனால் கிடைக்கிறதா இல்லையா என்று பார்க்கும் வாய்ப்பே அவளிடமிருந்து எடுக்கப்பட்டது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதற்குப் பிறகும் அவர்கள் விடவில்லை. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்ததால் நம் பிள்ளைகளுக்குக் கேரளச் சட்டக் கல்லூரிகளில் தனி ஒதுக்கீடு உண்டு, பழைய பத்திரம் இருந்தால் போதும் என்றார்கள். எங்கள் வீட்டிலும் மலையாளத்தில் எழுதிய பழைய பத்திரங்கள் இருக்கின்றன, எல்லையோர ஊர்களில் பல வீடுகளில் இருக்கும், அதனால்தான் இந்தப் பேச்சு நம் காதில் நம்பும்படியாக விழுகிறது. அப்படி ஓர் ஒதுக்கீடு கிடையாது. கேரளத்தின் இட ஒதுக்கீடு கேரளத்தவருக்கு உரியது. அதுவும் பலிக்காதபோது, பக்கத்து மாநிலத்தில் வகுப்புக்குப் போகாமலே சட்டப் பட்டம் வாங்கித் தருகிறோம் என்றார்கள். இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகையைக் கேட்கின்றன. போகாத வகுப்புக்கு வாங்கிய பட்டத்தை வைத்துக்கொண்டு நாளைக்கு எந்த முகத்தோடு நீதிமன்றத்தில் நிற்பது என்று என் மகளே மேலாளரிடம் கேட்டாள்.

ஜனவரியில் பத்மநாபபுரத்தில் தொழில் செய்யும் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். பயிற்சி மையங்கள் கல்வி நிறுவனங்களுக்கு உள்ள விலக்கில் வராது, நுகர்வோர் ஆணையத்தில் அவற்றின் மீது புகார் கொடுக்கலாம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்திருப்பதை அவர்தான் எடுத்துச் சொன்னார். நோட்டீஸ் போனவுடன் மதிப்பெண் சான்றிதழைத் திருப்பித் தந்தார்கள். இருபதாயிரம் ரூபாய் தருகிறோம், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் எழுதிக் கொடுக்கவில்லை. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் எதுவும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்திலும் ஆலோசனை கேட்கலாம். படிப்பை இடையில் நிறுத்தினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2024 ஜனவரி வழிகாட்டுதல் சொல்கிறது. தேர்ச்சி பெற்றவர்களின் படங்களை அவர்கள் எழுத்தில் சம்மதிக்காமல் விளம்பரத்தில் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. எங்கள் மையத்தின் பலகையில் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவரையாவது அங்கே படித்தவர் என்று எங்களால் உறுதிப்படுத்த முடியவில்லை.

நல்ல பயிற்சி மையங்களும் இருக்கலாம், எல்லோரையும் நான் ஒன்றாகச் சொல்லவில்லை. பணம் கட்டும் முன் அவர்களுடைய ஒரு மாதிரித் தேர்வைக் கேட்டு வாங்கி, கூட்டமைப்பின் இணையதளத்தில் உள்ள வினாத்தாளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேள்வி வகையே வேறாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். விண்ணப்பத்தைப் பிள்ளை தன் கையால், வீட்டிலோ இ-சேவை மையத்திலோ, தன் கைபேசி எண்ணைப் போட்டு நிரப்பட்டும். வகுப்பு, இருப்பிட மாநிலம் ஆகிய இரண்டு இடங்களையும் நீங்களும் ஒருமுறை வாசித்துவிட்டுச் சமர்ப்பிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வேறொருவர் எண்ணில் பதிவாகியிருந்தால், முடிவு வரும் வரை காத்திருக்காமல் இன்றைக்கே கூட்டமைப்பின் உதவி மையத்துக்கு எழுதுங்கள்.

2024 மே 6 அன்று பிளஸ் டூ முடிவு வந்ததும் என் மகள் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்குத் தானே விண்ணப்பம் நிரப்பினாள். ஒவ்வொரு பக்கத்தையும் சமர்ப்பிக்கும் முன் என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள். இப்போது திருநெல்வேலி அரசுச் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் வழக்கில் மையத்தின் தரப்பு இரண்டு முறை வாய்தா வாங்கியிருக்கிறது. அந்த மையத்தில் பணம் கட்டி இதேபோல் விண்ணப்பம் கெட்டுப்போன பெற்றோர் வேறு யாரேனும் இருந்தால், ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு ஆணையத்தில் தனியாகப் புகார் கொடுங்கள். எங்கள் ஒருவருடைய புகாரை ஏதோ ஓர் அலுவலரின் கவனக்குறைவு என்றுதான் அவர்கள் பதில் மனுவில் சொல்லியிருக்கிறார்கள்.