ரயில் ரசிகர்கள் சந்திக்க: ஜங்ஷனா, ஓடும் ரயிலா?

முதல் சந்திப்பு என்றால் நான் ஜங்ஷனைத்தான் சொல்வேன். தாமதமாக வருபவரும் சேர்ந்துகொள்ளலாம், அவசரம் என்றால் யாரும் கிளம்பலாம். இன்ஜின் கழற்றி மாட்டுவதை எல்லோரும் ஒன்றாக நின்று பார்ப்பது தனி சந்தோஷம். இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் கப்ளிங் எப்படிப் பூட்டுகிறது, பிரேக் குழாயில் காற்று ஏறியதும் ஏன் சோதிக்கிறார்கள் என்று தெரிந்தவர் சொல்ல, புதியவர் கேட்க, பேச்சு தானாக வளரும். வண்டிகள் அடுத்தடுத்து வரும் இரண்டு மணி நேரத்தை அட்டவணையில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நிலைய அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மின்பாதையில் தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி இருக்கலாம். தொடாமலே, நெருங்கினாலே ஆபத்து. அதனால் செல்ஃபி ஸ்டிக்கை உயர்த்தவே கூடாது.

சேர்ந்து பயணம் செய்வது நெருக்கம் தரும், சரிதான். ஆனால் டிக்கெட், ஒரே பெட்டியில் இடம், திரும்பும் வண்டி என்று வேலை கூடும். இருபது பேர் என்றால் இரண்டு பெட்டிகளில் சிதறிவிடுவார்கள். ஏற்கெனவே பழகிய ஆறேழு பேருக்கு, அதுவும் எதிரே வரும் வண்டிக்கு வழிவிட (கிராசிங்) நின்று நின்று போகும் ஒற்றைப் பாதையில், இதைவிட நல்ல நாள் அமையாது.