ஏசிக்கு சோலார்: கிரிட்டா, பேட்டரியா?

ஏசி ஓடுவது பெரும்பாலும் இரவில். பேனல் உழைப்பதோ பகலில். முடிவைத் தீர்மானிப்பது இதுதான்.

3 கிலோவாட் ஆன்-கிரிட் அமைப்பு, அதாவது பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்தது, நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி எட்டு மணி நேரத்துக்கு 6 முதல் 8 யூனிட் இழுக்கும். பகல் உபரி மின்வாரிய லைனுக்குப் போகும்; போவதையும் வருவதையும் அளக்கும் நெட் மீட்டர் அதை இரவுச் செலவோடு ஈடுகட்டும். ஒன்றிய அரசின் பிஎம் சூர்ய கர் திட்ட மானியம் 78,000 ரூபாய். ஆனால் கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். லைன்மேன் பாதுகாப்புக்காக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

பேட்டரியில் அந்தக் குறை இல்லை. ஆனால் நான்கு 150 ஏஎச் டியூபுலரில் (வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் லெட்-ஆசிட் பேட்டரி) பாதிதான் எடுக்கலாம், சுமார் 3.5 யூனிட். இரவு முழுக்கத் தாங்காது, சில ஆண்டுகளில் செட்டையே மாற்ற வேண்டும். கரண்ட் அடிக்கடி போகாத ஊரென்றால் ஆன்-கிரிட்டே போடுங்கள். தண்ணீர்த் தொட்டி நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தி சரியும். மாலை நான்கு மணிக்கு மாடியேறிப் பாருங்கள்.