டூ ஸ்ட்ரோக்கிலிருந்து ஃபோர் ஸ்ட்ரோக்: மண்டபத்தில் மூன்று வருட அனுபவம்

எங்கள் ஃபைபர் படகுக்கு இரண்டு வேலை. விடியற்காலையில் நண்டு வலை. வெயில் ஏறியதும் மதினியையும் அவர் குழுப் பெண்களையும் கடற்பாசி வளர்க்கும் தெப்பங்களுக்கு ஏற்றி இறக்குவது. பதினாலு வருடம் உழைத்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கழற்றிவிட்டு, 9.9 குதிரைசக்தி ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் மாட்டி மூன்று வருடம் ஆகிவிட்டது. தோணித்துறைப் பக்கம் பலரும் "மாத்தலாமா அண்ணே?" என்று கேட்பதால் எழுதுகிறேன்.

பழையதில் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். புகை வெளியேறும்போதே புதிதாக வந்த எரிபொருளும் கொஞ்சம் கூடவே நழுவிவிடும். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வைத்த பழைய வகைகளில் கால்வாசி வரைகூட எரியாமல் தண்ணீருக்குப் போகும். தெப்பத்தை ஒட்டிப் படகை நிறுத்தினால் சுற்றிலும் வானவில் நிறத்தில் எண்ணெய் படரும். நாற்பத்தைந்து நாள் பாசி வளர வேண்டிய தண்ணீர் அது. அடியில் இருப்பது ஆவுளியா என்கிற கடற்பசு மேயும் கடற்புல். அதைத் தினமும் பார்த்துப் பார்த்துத்தான் மனசு கேட்காமல் மாற்றினேன்.

இப்போது அந்தப் படலம் இல்லை. ஐந்து லிட்டர் குடித்த ஓட்டத்துக்கு மூன்றரை போதும், கலக்கும் ஆயில் செலவும் மிச்சம். ஆனாலும் எஞ்சின் விலை அதிகம்; கடன் இன்னும் முடியவில்லை. காசுக்காக மட்டும் மாற்றுவதென்றால் இரண்டு முறை யோசியுங்கள். எனக்குப் பெரிய லாபம் சத்தம் குறைந்ததுதான். முதல் வாரமே மதினி சொன்னார்: "தம்பி, இப்பத்தான் நீங்க பேசுறது காதுல விழுது." பின்னால் உட்காரும் பெண்களுக்குப் புகையில் வந்த தலைவலியும் போய்விட்டது.

இனி தொல்லைகள். ஒவ்வொரு முறை கரையேறியதும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓட்டி உப்பைக் கழுவ வேண்டும். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற மாவட்டம் நம்முடையது. குடிக்கிற தண்ணீரை எஞ்சினுக்கு ஊற்றும்போது வீட்டில் பார்க்கிற பார்வையைத் தாங்க வேண்டும். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து ஓரளவு சமாளிக்கிறேன்.

அடுத்தது இம்பெல்லர், எஞ்சின் சூடாகாமல் இருக்கக் கடல்தண்ணீரை உள்ளே இழுத்துவிடும் சின்னச் சக்கரம். வாடை வீசும் மாதங்களில் வடகடலில் கடற்புல் அறுந்து மிதக்கும். தண்ணீர் இழுக்கும் வாயை அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். நான் ஒருநாள் "கரை பக்கம்தானே" என்று ஓட்டினேன். இம்பெல்லர் பொசுங்கியது, சாமான் வர ஒன்பது நாள் ஆனது. எஞ்சின் வாங்கும்போதே இன்னொரு இம்பெல்லர் வாங்கி வையுங்கள்.

முதல் 20 மணி நேரத்தில் ஒரு முறை, பிறகு 100 மணிக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும். ஓடிய மணியை நோட்டில் குறித்து வருகிறேன். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். நாள்கணக்கில் கடலுக்குப் போகாவிட்டால் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள்.

பேட்டரிக்கே போயிருக்கலாமே என்றும் கேட்கிறார்கள். கேரளாவில் வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 முதல் ஓடும் ஆதித்யா சூரியசக்திப் படகில் ஏறியிருக்கிறேன். 75 பேர் உட்காரலாம், ஆசையாக இருந்தது. நார்வேயில் 2015 முதல் ஆம்பியர் என்ற கார் ஏற்றும் பெரிய படகே மின்சாரத்தில் ஓடுகிறது. இரண்டும் ஒரு கரைக்கும் மறுகரைக்கும் நேரம் வைத்துப் போய்வருபவை. நம் நண்டு எங்கே கிடக்கும், காற்று எப்போது திரும்பும் என்று கணக்குப் போட முடியாது. தெப்பத்துக்கு மட்டும் போய்வரும் சின்னப் படகென்றால் நானே முதலில் பேட்டரிக்கு மாறுவேன்.

பழைய எஞ்சினை நல்ல விலைக்கு இரண்டு பேர் கேட்டார்கள். இதே கடலில்தான் மறுபடி எண்ணெய் கக்கும். பிரித்து, அலுமினியத்தை எடைக்குப் போட்டுவிட்டேன்.