தண்ணீரில் சாகாத போன்

கோயம்புத்தூரில் இருக்கும் நண்பன் போன வாரம் ஒரு லிங்க் அனுப்பிக் கேட்டான்: "நாலாயிரம் குறைஞ்சிருக்குடா, நீ வச்சிருக்கிற அதே போன். வாங்கலாமா?" வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். மூன்று நிமிடம் ஆகியும் திட்டி முடியவில்லை. சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். கம்பெனி பேர் வேண்டாம். ஐபி68 (தண்ணீர், தூசி தாங்கும் என்ற தரக்குறி), ரப்பர் உடம்பு, செங்கல் கனம் என்று வரும் ரகம், அவ்வளவு போதும்.

நான் இருப்பது நீலகிரியில் மஞ்சூர். குந்தா பக்கத்து மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு கணக்கு: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கச் சோலை ஓரமாகப் போகிறவன் நான். குரல் பதிவு, படம், வழி எல்லாம் போனில்தான். இந்தப் போனோடு இரண்டு வருஷம் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வாங்கிய வருஷம் ஆடியில் ஓடையைத் தாண்டும்போது கால் வழுக்கி, போன் கையிலிருந்து போய்விட்டது. பாறை இடுக்கில், சுழிக்கும் தண்ணீருக்குள், திரை எரிந்தபடி கிடந்தது. தோள்வரை கையை விட்டு எடுத்துச் சட்டையில் துடைத்தால், குரல் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! அதில் முதலில் நீலகிரி சிரிப்பான் பறவையின் சிரிப்பு, அப்புறம் நான் சொன்ன கெட்ட வார்த்தை, அப்புறம் ஒரு நிமிடத்துக்குக் களக் களக் என்று தண்ணீர். அந்தப் பதிவை இன்றுவரை அழிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சார்ஜரைச் செருகினேன். திரையில் ஒரு நீர்த்துளிப் படம். போர்ட்டில் ஈரம் இருக்கிறது, காய்ந்த பிறகு சார்ஜ் செய்யவும் என்றது. நியாயம்தான், ஓடையில் விழுந்த போன். மறுநாள் காலையில் ஏறியது. ஆனால் அடுத்த வாரம் வெறும் தூறல்தான், அதற்கும் துளி. அதற்கடுத்த வாரம் மழையே இல்லை, மேகம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அதற்கும் துளி. மழைக்காலம் வந்தாலே இந்தத் துளியோடுதான் என் குடித்தனம்.

ஐபி68 என்றால் என்னவென்று எனக்கு லேட்டாகத்தான் புரிந்தது. குறிப்பிட்ட ஆழத்தில், குறிப்பிட்ட நேரம்வரை போனின் உடம்புக்குள் தண்ணீர் போகாது என்பதுதான் அதன் வாக்குறுதி. சார்ஜர் செருகும் டைப்-சி துளை அந்தப் பூட்டுக்கு வெளியே இருக்கிற திண்ணை. வீட்டுக்குள் சொட்டு விழாது, திண்ணை நனையத்தான் செய்யும். துளைக்குள் இருக்கும் பின்களுக்கு நடுவே ஈரத்தால் மின்சாரம் கசிகிறதா என்று போன் பார்க்கிறது. கசிந்தால் கதவைச் சாத்திவிடுகிறது. மேகம் மட்டும் இருந்த நாளில் ஈரம் எங்கிருந்து வந்தது? நான்தான் கொடுத்தேன். வெளியே குளிரில் ஜில்லென்று ஆன போனை நேராக வெந்நீர் கொதிக்கிற அடுப்படிக்குக் கொண்டுபோனால், ஆவி அந்தப் பின்கள்மேல்தான் போய்ப் படியும். கண்ணாடி போட்டவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்.

அம்மா போனை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவைத்தார். ஈரம் போகவில்லை, துளைக்குள் தவிட்டுத் தூள் போனதுதான் மிச்சம். ஆப்பிளே 2024இல் ஐபோனை அரிசியில் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டது. அம்மாவிடம் யார் சொல்வது.

தாத்தாவின் மூன்று செல் டார்ச் ஞாபகம் வரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டுதான் ராத்திரியில் முயல் வேட்டைக்குப் போவார்களாம். நனைந்தால் மூடியைத் திருகி, தண்ணீரைக் கொட்டி, செல்களை வேட்டியில் துடைத்து அடுப்போரம் வைத்தால் காலையில் எரியுமாம். முயலுக்குத்தான் கெட்ட காலம். என் போனைத் திருகித் திறக்க ஒரு வழியும் இல்லை.

அப்புறம் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். போனை அணைத்துவிட்டுச் சார்ஜரைச் செருகினால், துளி வராமல் ஏறியது. ஆகா, ஏமாற்றிவிட்டேன் என்று ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே ஓட்டினேன். அடுத்த மார்ச்சில், ஒரு பொட்டு மழை இல்லாத மாதத்தில், சார்ஜ் ஏறுவது அடியோடு நின்றது. ஊட்டியில் ரிப்பேர் கடைத் தம்பி துளைக்குள் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடமும் காட்டினார். பின்களின் ஓரத்தில் பச்சைக் களிம்பு, கவனிக்காத செம்புக் குடம் மாதிரி. "ஈரத்தோட கரண்ட் குடுத்தீங்களாண்ணா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் உலோகம் அரித்துக்கொண்டே போகும். துளி அதைத்தான் தடுத்துக்கொண்டிருந்தது. சார்ஜிங் போர்டு மாற்ற 1,800 ரூபாய். பின்பக்கத்தைச் சூடுகாட்டித் திறந்து, மறுபடி பி-7000 பசை போட்டு ஒட்டினார். "இனிமே ஓடையில எல்லாம் போடாதீங்க. ஒருதடவை திறந்துட்டா பழைய கேரண்டி கிடையாது."

ஆக, தப்பு என்மேல். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கோபம் போகவில்லை. மழைக்காக விற்கிற போனுக்குப் பின்பக்கமாக வயர்லெஸ் சார்ஜிங் கொடுத்திருந்தால் இந்தத் திண்ணைப் பஞ்சாயத்தே இருந்திருக்காது. விளம்பரத்தில் போன்மேல் அருவி கொட்டுகிறது. அருவியில் நனைந்ததை அன்றைக்கு ராத்திரி எப்படிச் சார்ஜ் போட்டார்கள் என்று காட்டவில்லை.

இப்போது காட்டிலிருந்து வந்ததும், துளை கீழே பார்க்கப் போனை நாலு தட்டுத் தட்டி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணி போட்ட ஜிப் கவரில் வைத்து மூடி, கூடத்து மூலையில் வைத்துவிடுகிறேன். குளிர் விட்ட பிறகுதான் கவரைத் திறப்பது. நீல மணிகள் ரோஸாக மாறினால், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் லேசாகச் சூடாக்கினால் போதும், மறுபடி நீலம். ஹேர் டிரையர் வேண்டாம், சூட்டில் பசை விட்டுவிடும்.

டேய், நீ வாங்காதே. கோயம்புத்தூர் மழைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் போதும். இங்கே மேலே இருக்கிறவர்கள் கேட்டால், வயர்லெஸ் இருக்கிற மாடலாகப் பாருங்கள், காசு கூட ஆனாலும். என்னுடையதை நீ பாதி விலைக்குக் கேட்டாயே, அதற்கும் பதில் இல்லைதான். அந்தச் சிரிப்பான் பதிவு அதில் இருக்கிறது.

காலையிலிருந்து மேகம் இறங்கியபடி இருக்கிறது. சார்ஜ் 9 சதவீதம். செருகிப் பார்த்தேன், துளி வந்துவிட்டது. ராத்திரி கூப்பிடாதே.