பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை வைக்கச் சொல்லுங்கள்: தண்டையார்பேட்டையில் எனக்கு நடந்தது

பழைய ஸ்கூட்டர் வைத்திருக்கிற வடசென்னைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். சேத்தக், எல்எம்எல், கைனடிக் எதுவாக இருந்தாலும் சரி. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்று ஒரு கடைக்குப் போனேன். இரண்டரை மாதத்தில் 4,600 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். கோளாறு அப்படியே இருந்தது. அப்பா காலத்திலிருந்து வண்டியில் இருந்த ஒரிஜினல் மேக்னட் காயில் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கிற பாகம்) காணாமல் போனதுதான் மிச்சம். பணம் போனதைக்கூட விட்டுவிடுவேன், காயில் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

என்னுடையது 1995-ல் எடுத்த கைனடிக் ஹோண்டா. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது பி.எஃப். லோன் போட்டு வாங்கியது. கியர் கிடையாது, பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் என்று அன்றைக்குத் தெருவே வந்து பார்த்தது. கைனடிக்கும் ஹோண்டாவும் 1998-ல் பிரிந்துவிட்டன. அவை சேர்ந்திருந்த காலத்துப் பாகம் நல்ல நிலையில் கிடைத்தால், கேட்ட விலை கொடுத்து வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. பழைய வண்டி பழுது பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எனக்குத்தான் உறைக்கவில்லை.

வாரக் கடைசியில்தான் வண்டியை எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காசிமேட்டில் மீன், பௌர்ணமி என்றால் அம்மாவோடு திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில், அவ்வளவுதான். போன வருஷம் வரை பத்து நாள் கழித்துத் தொட்டாலும் செல்ஃப் எடுக்கும். அப்புறம் ஒரு நாள் செவ்வாய்க்கிழமை அவசரமாக எடுக்கப் போனால் ரிலே மட்டும் டிக் டிக் என்றது. ஹாரன் தொண்டை கட்டின மாதிரி முனகியது. கிக்கரை உதைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது. சனி, ஞாயிறு ஓட்டினால் சரியாகிவிடும், செவ்வாய் வந்தால் மறுபடி செத்துக் கிடக்கும். நான்கு வாரம் இப்படியே போனது.

டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் அந்தக் கடை. பெயரைப் போடப்போவதில்லை. பழைய ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கும். அதைப் பார்த்த நம்பிக்கையில்தான் போனேன். கடைக்காரர் செல்ஃப் பட்டனை ஒரு தடவை அழுத்தினார். "பேட்டரி அவுட் சார், புதுசு போட்டுடலாம்" என்றார். அவ்வளவுதான் சோதனை. வோல்ட் அளக்கிற மீட்டரை எடுக்கவில்லை, ஒரு வயரைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. 12 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி, 1,650 ரூபாய். பழையதை உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டார், அதற்கு ஒரு ரூபாய் கழிக்கவில்லை. செத்த பேட்டரிக்கும் ஈயத்துக்கான விலை உண்டு. பில் கேட்டேன். "ஜிபே பண்ணீங்கல்ல சார், அதுவே பில்லு மாதிரிதான்" என்றார். வாரண்டி கார்டில் தேதியும் இல்லை, சீலும் இல்லை. அடுத்த முறை வரும்போது போட்டுத் தருவதாகச் சொன்னார். நானும் சரி என்று வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மறுபடி டிக் டிக்.

திரும்பப் போனேன். தினமும் ஓட்டாததால் இறங்குகிறது என்று சொல்லி, ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டு 150 வாங்கினார். அதுவும் மூன்று நாள்தான் தாங்கியது. அடுத்த முறை, "மேக்னட் காயில் வீக்கு, ரீவைண்டிங் பண்ணணும்" என்றார், அதாவது காயிலில் கம்பியைப் புதிதாகச் சுற்ற வேண்டுமாம். 2,800 ரூபாய். நான்கு நாள் வண்டி அங்கேயே நின்றது. எடுத்துவந்த மூன்றாம் நாள் அதே கதை. கடைசியாகப் போனபோது வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும், 6,500 ஆகும் என்றார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கிக்கரை உதைத்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த வண்டியில் தீப்பொறிக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை, மேக்னட்டிலிருந்தே வருகிறது. அதனால் பேட்டரி படுத்தாலும் கிக்கில் கிளம்பும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வண்டியை விட்டுவிட்டு வர வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டாதீர்கள், பல்புகள் அடிவாங்கும்.

மூலகொத்தளத்தில் ஷேர் ஆட்டோக்களுக்கு வயரிங் பார்க்கிற ஒரு பெரியவரிடம் மாமா அனுப்பினார். கடை என்று ஒன்றும் இல்லை, மரத்தடியில் ஒரு மரப்பெட்டி, ஒரு ஸ்டூல். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. "மீட்டர் வச்சுப் பாத்தாங்களா தம்பி?" என்று ஒரே ஒரு கேள்வி. இல்லை என்றேன். "சரி, உக்காரு."

பேட்டரி 11.6 வோல்ட் காட்டியது. நல்ல பேட்டரி முழுச் சார்ஜில் சும்மா இருக்கும்போது 12.6க்கு மேல் இருக்க வேண்டும். அதைச் சார்ஜில் போட்டுவிட்டு மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் 12.7. அதை வண்டியில் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடிக்கச் சொன்னார். மீட்டர் 14.1க்கு ஏறி நின்றது. "சார்ஜிங் நல்லா வருது. காயில் வீக்குன்னா இவ்ளோ எப்படி வரும்?" என்றார். ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை காட்டினால் காயிலைக் குறை சொல்ல இடமில்லை. 15ஐத் தாண்டினால்தான் வோல்ட்டை அளவோடு வைக்க வேண்டிய ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு நிமிஷச் சோதனையை முதல் கடையில் செய்திருந்தால் 2,800 ரூபாய் வேலைக்குப் பேச்சே எழுந்திருக்காது.

அடுத்து அவர் செய்ததை என்னால் மறக்க முடியாது. இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே ஸ்பீடோமீட்டருக்குள் எரிகிற மாதிரி ஒரு சின்ன பல்பை வைத்துத் தொட்டார். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. கையைக் குவித்து நிழல் கொடுத்து, "பாரு" என்றார். உள்ளே இழை சிவந்திருந்தது, ஊதுவத்தி நுனி மாதிரி. சாவி என் கையில் இருக்கிறது, எல்லாம் அணைந்திருக்கிறது, ஆனாலும் வண்டி மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. பல்பை அப்படியே பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஆர்ஆர் யூனிட்டின் சாக்கெட்டைப் பிடுங்கினார். இழை அணைந்தது. திரும்பச் சொருகினார், சிவந்தது. மூன்று தடவை செய்து காட்டினார்.

ஆர்ஆர் யூனிட் என்பது ரெக்டிஃபையரும் ரெகுலேட்டரும் சேர்ந்த சின்னப் பெட்டி. மேக்னட் காயிலில் இருந்து வருவது ஏசி. அதை டிசியாக மாற்றி, அளவோடு பேட்டரிக்கு அனுப்புவது இதன் வேலை. உள்ளே இருக்கிற டயோடு சைக்கிள் டியூபின் வால்வு மாதிரி, ஒரு பக்கம்தான் வழிவிட வேண்டும். வால்வு தேய்ந்தால் அடித்த காற்று எப்படி இறங்குமோ, அப்படி டயோடு கெட்டால் இன்ஜின் நின்றபிறகு பேட்டரியில் இருப்பது காயில் வழியாகப் பாடிக்கு இறங்கிவிடும். ஓடும்போது சார்ஜ் நன்றாகவே ஏறுவதால் குறை வெளியே தெரியாது.

மீட்டரில் அளந்தபோது 110 மில்லி ஆம்பியர். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 5 ஆம்பியர் ஹவர் என்றால் 5,000 மில்லி ஆம்பியர் ஹவர். அதை 110-ஆல் வகுத்தால் 45 மணி நேரம். ஞாயிறு ராத்திரி நிறுத்தினால் செவ்வாய் சாயங்காலம் சுத்தமாகக் காலி. செல்ஃப் மோட்டாரை இழுக்கிற தெம்பு அதற்கு முன்பே, செவ்வாய் காலையிலேயே போய்விடும். எத்தனை புதுப் பேட்டரி போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

புதுப்பேட்டையில் யூனிட் 450 ரூபாய்க்குக் கிடைத்தது. பெரியவர் 200 கேட்டார். மாட்டியபிறகு மறுபடி அளந்தார், மீட்டர் சுழியத்தில் நின்றது. கடிகாரம், அலாரம் எதுவும் இல்லாத இந்த மாதிரி வண்டியில், சாவி எடுத்தபிறகு அப்படித்தான் நிற்க வேண்டும். எர்த் வயரின் முனையில் பச்சை பூத்திருந்ததையும் சுரண்டிச் சுத்தம் செய்து வாசலின் தடவினார். நம் பக்கம் கடற்காற்றுக்கு எல்லா முனையும் பூக்கும், மழைக்கு முன்னால் ஒரு தடவையாவது பாருங்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் ஏதோ தெரியாமல் செய்துவிட்டார் என்று அந்தக் கடைக்காரரை விட்டிருப்பேன். பெரியவர் பேட்டரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மேலே தயாரிப்புத் தேதிக்கான எண்கள் குத்தியிருக்கும் இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தடம். வாரண்டி கார்டில் இருந்த எண்ணும் பேட்டரியில் இருந்த எண்ணும் வேறு வேறு. புதுசு என்று சொல்லி எனக்கு விற்றது இது.

அப்புறம் ரீவைண்டிங் எப்படிச் செய்திருக்கிறார்கள் பார்க்கலாம் என்று ஃபேன் கவரைக் கழற்றினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அப்போது பிரித்துச் சுத்தம் செய்தபோது ஒவ்வொரு கட்டமாகப் போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போட்டோவில் காயில் பொருத்தியிருக்கிற தட்டின் ஓரம் ஒரு இடத்தில் உடைந்திருக்கிறது, வயர்கள் பழுப்பு உறைக்குள் இருக்கின்றன. இப்போது உள்ளே இருந்த தட்டில் உடைப்பே இல்லை. சிவப்பு பிளாஸ்டிக் வயர், சால்டரிங் செய்யாமல் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ரீவைண்டிங் நடக்கவே இல்லை. நன்றாக இருந்த ஒரிஜினலை எடுத்துக்கொண்டு, டூப்ளிகேட் தட்டை மாட்டி, அதற்குக் காசும் வாங்கியிருக்கிறார்கள்.

போட்டோவோடு போய்க் கேட்டேன். "ரீவைண்டிங்குக்கு அனுப்பின இடத்துல மாறியிருக்கும் சார், கேட்டு வாங்கித் தர்றேன்" என்றார். மூன்று முறை போயிருக்கிறேன், மூன்று முறையும் அதே பதில். 1915-க்கு, அதாவது நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார்கள், முதலில் பில் இருக்கிறதா என்றார்கள். என்னிடம் இருப்பது பணம் அனுப்பிய விவரம் மட்டும். பணம் போனதை அது காட்டும், எதற்காகப் போனது என்பதைக் காட்டாது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை. இருந்தும் கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் போனால் என்னைப் போல விழிக்க வேண்டியதுதான். பேட்டரி எண் எழுதிய பில்லும், தேதியும் சீலும் உள்ள வாரண்டி கார்டும் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள். வண்டியை ராத்திரி தங்கவிடுவதாக இருந்தால் கவர்களைக் கழற்றச் சொல்லி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பாகம் எதுவானாலும் பழையதைக் கையில் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் பொருள்.

வீட்டில் நீங்களே அளக்க நினைத்தால் சாதாரண மல்டிமீட்டர் போதும். சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையில் சொருகி ஆரம்பியுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் பட்டனைத் தொடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ஏதாவது எண் காட்டினால் ஒவ்வொரு சாக்கெட்டாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. எனக்கு ஆர்ஆர் யூனிட், உங்களுக்கு அலாரமாகவோ உரசின வயராகவோ இருக்கலாம்.

யூனிட் மாற்றி ஐந்து வாரம் ஆகிறது. நடுவில் ஒன்பது நாள் ஊரில் இல்லை, வந்து அழுத்தியதும் செல்ஃப் எடுத்தது. ஆனால் அந்தப் பேட்டரி நான்கைந்து முறை அடிவரை இறங்கி ஏறியது. அப்படிக் காலியாகக் கிடந்தால் உள்ளே தகட்டில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறையும். மழைக்காலம் வரை தாங்கினால் பெரிய விஷயம் என்றார் பெரியவர்.

காயிலை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். தட்டின் இடது ஓரத்தில், ஸ்க்ரூ துளைக்குப் பக்கத்தில், அரை நகம் அளவுக்கு உடைந்திருக்கும். வயர்கள் பழுப்பு உறையில் இருக்கும், ஒன்றில் மட்டும் உறை கருகியிருக்கும். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, புதுப்பேட்டை என்று பழைய கைனடிக் பாகம் தேடிப் போகிறவர்கள் யார் கண்ணிலாவது அப்படி ஒன்று பட்டால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.