பாகப்பிரிவினை வழக்குக்கு உள்ளூர் வக்கீல்: எங்கள் அனுபவம்

அம்மாவின் பிறந்த வீட்டு நிலத்தில் பங்கு கேட்டு கும்பகோணம் சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வருடங்கள் ஓடிவிட்டன. முதல்நிலைத் தீர்ப்பாணை அம்மாவுக்குச் சாதகமாக வந்துவிட்டது. இப்போது நிலத்தை அளந்து பிரிக்கிற கட்டம். சொத்து வழக்குக்கு எப்படி வக்கீல் பிடித்தீர்கள் என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சென்னையில். "ஹைகோர்ட் வக்கீலாகப் பாரு, அப்பத்தான் மாமாக்கள் பயப்படுவாங்க" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. ஆனால் நிலம் எங்கே இருக்கிறதோ அந்த ஊர் கோர்ட்டில்தான் வழக்கு நடக்கும். சென்னை வக்கீல் வாய்தாவுக்கு வாய்தா வரமாட்டார். உள்ளூரில் ஒரு ஜூனியரை நிற்க வைப்பார். இரண்டு பேருக்கும் நாம்தான் ஃபீஸ் கொடுக்க வேண்டும். சரி, ஹைகோர்ட் வரை போனால்? தஞ்சை மாவட்டத்துக்கு மதுரைக் கிளைதான். அப்புறம் சென்னை வக்கீல் எதற்கு?

உள்ளூரில் பார்த்தவர்களில் ஒருவர் கோப்பைத் திறக்கவே இல்லை. "உங்க தாத்தா 2001-லேயே போயிட்டார். மகளுக்கும் சமபங்கு தருகிற சட்டத் திருத்தம் வந்தது 2005-ல். மகன்களுக்குச் சமமா உங்க அம்மாவுக்குப் பங்கு ஏது?" என்று உட்காருவதற்குள் அனுப்பிவிட்டார். இன்னொருவர், ஃபீஸே வேண்டாம், கிடைக்கிற நிலத்தில் பத்து சதவீதம் போதும் என்றார். கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். பார் கவுன்சில் விதிப்படி வக்கீல் அப்படிப் பேசவே கூடாது.

கடைசியில் நாங்கள் பிடித்தவர் கோர்ட்டில் குரல் உயர்த்திப் பேசுகிற ஆள் இல்லை. அவர் கேட்ட முதல் கேள்வி: "தாத்தா சம்பாதிச்சதா, அவங்க அப்பாகிட்டேருந்து வந்ததா?" அடுத்தது, 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று. இருந்தால் அதை 2005 திருத்தம் தொடாது. இல்லை என்றதும், மகளுக்குப் பங்கு கிடைக்கத் தகப்பனார் 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் சொன்னதை விளக்கினார். பிறகு மூலப் பத்திரத்தை மேசையில் விரித்து, நான்கெல்லையையும் விரல் வைத்துப் படித்தார். கிழக்கே வாய்க்கால் என்றது பத்திரம்; பட்டாவில் இருந்த உட்பிரிவோ வாய்க்காலைத் தொடவே இல்லை. "யு.டி.ஆர்.ல விழுந்த தப்பு, பழைய அ-பதிவேட்டு நகல் வாங்கிட்டு வாங்க" என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். யு.டி.ஆர். என்பது நிலப் பதிவுகளைப் புதுப்பித்த அரசுத் திட்டம்; அ-பதிவேடு கிராமத்தின் நிலப் பதிவேடு. வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975-இலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தியதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். அதை அவருடைய குமாஸ்தாவே பார்த்துக்கொண்டார். சிவில் வழக்கில் பாதி ஜெயம் இந்தக் காகிதங்களிலும் பிராதிலும்தான் (வழக்கு மனு) என்பது என் கட்சி.

குறை இல்லாமல் இல்லை. போன் எடுக்கவே மாட்டார். வாய்தா தேதியை இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணைப் போட்டு நானே பார்த்துக்கொள்கிறேன். குறுக்கு விசாரணைக்கு முதல் நாள் மாலைதான் அம்மாவுக்கு விவரமே சொன்னார். அன்று ராத்திரி அம்மா தூங்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார், அதைப் பார்த்து அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சின்ன ஊர் கோர்ட்டில் இது சகஜம். நிலத்தை அளக்க கோர்ட் நியமித்த வக்கீல் கமிஷனர் வரும் தேதிக்கு மாமாக்கள் தரப்பு மல்லுக்கட்டாமல் சம்மதித்தது இந்தப் பழக்கத்தால்தான்.

ஃபீஸை மொத்தமாகப் பேசாமல் பிராது தாக்கல், சாட்சி விசாரணை, தீர்ப்பு என்று கட்டம் கட்டமாகப் பேசினோம். இறுதித் தீர்ப்பாணை மனுவுக்கு எவ்வளவு என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தீர்ப்பு வந்தால் நிலம் கைக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல்நிலைத் தீர்ப்பாணை யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும்தான் சொல்லும். எந்தத் துண்டு யாருக்கு என்பது கமிஷனர் சர்வேயரோடு வந்து அளந்து அறிக்கை கொடுத்த பிறகு, இறுதித் தீர்ப்பாணையில்தான் முடிவாகும். மோட்டார் கொட்டகைப் பக்கத்தை மாமாக்கள் விடமாட்டார்கள் என்று எங்கள் வக்கீலுக்குத் தெரியும். அதனால் வாய்க்கால் ஓரத்தை அம்மாவுக்குக் கேட்டு, கமிஷனரிடம் கொடுக்க மெமோ தயாராக வைத்திருக்கிறார்.